மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் தம்பி அளவுக்கு மீறித் தெளிந்துவிட்டான்: இது குணமா, வேறு நோயா?

முதுநகர் அக்கா | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 26 வயது. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்ட் வேலை பார்க்கிறான். சித்திரை முடிகிற நேரத்தில் தொடங்கி நான்கு மாதம் அவன் அவனாகவே இல்லை. உடம்பெல்லாம் கனக்கிறது, தலைக்குள் எரிகிறது என்பதைத் தவிர அவனிடம் வேறு பேச்சு கிடையாது. பகலெல்லாம் படுக்கை, கேட்டதற்கு மட்டும் பதில். முதலில் சத்து ஊசி போட்டோம், அப்புறம் மந்திரித்துக் கயிறு கட்டினோம், கடைசியாகத்தான் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் பத்து நிமிடத்தில் மனச்சோர்வு என்று சொல்லி எஸிட்டாலோபிராம் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் பையன் எழுந்து உட்கார்ந்தான், சிரித்தான், வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்றான். அம்மா திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில் அருச்சனை செய்துவிட்டு வந்தார். ஆனால் ஐந்து நாளாக அவன் இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை, களைப்பும் இல்லை. பேச்சு ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. குறுக்கே பேசினால் கையை ஓங்குகிறான். நேற்று விடியற்காலை துறைமுகத்துக்குப் போய், மீன்பிடியே தெரியாத எங்கள் குடும்பத்துக்காக ஒரு விசைப்படகைக் குத்தகைக்குப் பேசி, சீட்டுப் பணத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டான். மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மருந்து நன்றாக வேலை செய்கிறது, தொடருங்கள் என்றார். அம்மாவும் அதையே சொல்கிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

நெய்தல் (மனநல மருத்துவர், புதுச்சேரி) | ஞாயிறு, இரவு 10.05

சகோதரி, ஆளைப் பார்க்காமல் யாருக்கும் நோயின் பெயரைச் சூட்டக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் எனக்கு மனம் வரவில்லை. இன்றிரவே அந்த மருத்துவரிடம் மறுபடி பேசுங்கள். "நன்றாக இருக்கிறான்" என்று சொல்லாமல், மூன்று மணி நேரத் தூக்கம், இருபதாயிரம் ரூபாய், ஓங்கிய கை என்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் காலையில் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, புதுச்சேரி பக்கம் என்றால் ஜிப்மருக்கோ அழைத்துச் செல்லுங்கள். இடையில் பேச ஆள் வேண்டுமானால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும்போது மேனியா, அதாவது மன எழுச்சி நிலை, தலைகாட்டினால் அந்த மாத்திரையை நிறுத்துவதுதான் பெரும்பாலும் மருத்துவர் செய்யும் முதல் வேலை. ஆகையால் அடுத்த மாத்திரை கொடுப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது தூக்கத்தின் மேல். மனச்சோர்விலும் தூக்கம் கெடும்; ஆனால் அந்த நோயாளி புரண்டு புரண்டு படுத்து, தூக்கம் வராததால் விடியும்போது நொந்து போயிருப்பார். மேனியாவில் தூக்கத்தின் தேவையே குறைந்துவிடும். மூன்று மணி நேரம் படுத்து எழுந்தவர் எட்டு மணி நேரம் தூங்கியவரைப் போல ஓடுவார். "தூங்கவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் ஒளிந்திருப்பதால் நாங்கள் "மறுநாள் களைப்பாக இருந்ததா?" என்று கூடவே கேட்போம். நீங்கள் கேட்கும் முன்பே களைப்பில்லை என்று எழுதிவிட்டீர்கள்.

எங்கள் பாடநூல் கணக்கில் மனச்சோர்வு என்று சொல்ல அறிகுறிகள் இரண்டு வாரமாவது நீடிக்க வேண்டும். மேனியாவுக்கு ஒரு வாரம். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றிவிட்டால் நாள் கணக்கு பார்ப்பதில்லை. அதன் மெல்லிய வடிவமான ஹைப்போமேனியாவுக்கு நான்கு நாள். மாத்திரையால் கிளம்பிய எழுச்சியாக இருந்தாலும், மாத்திரையின் நேரடி விளைவு தீர்ந்த பிறகும் அது முழு அளவில் நின்றால் இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது பைபோலார், என்றே கொள்கிறோம்.

மூன்று கேள்விகளுக்கு அம்மாவிடமிருந்து பதில் வாங்குங்கள். இதற்கு முன் எப்போதாவது, ஒரு வாரமே ஆனாலும், இதே போன்ற சுறுசுறுப்பு வந்ததா? தாய்வழியிலோ தந்தைவழியிலோ யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா? குடி, கஞ்சா, அண்மையில் மூச்சிரைப்புக்கோ தோலுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது உண்டா? தைராய்டுக்கு ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள்.

பண்ருட்டிப் பலா | திங்கள், காலை 7.30

மருத்துவர் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு சந்தேகம். நான்கு மாதம் முடங்கிக் கிடந்த பையன் எழுந்து ஓடினால் அதற்கும் ஒரு நோய்ப்பெயரா? சோகமாக இருந்தாலும் நோய், சந்தோஷமாக இருந்தாலும் நோய் என்றால் மனிதன் எப்படித்தான் இருப்பது? பத்து நிமிடத்தில் முதல் பெயர் வைத்தார்கள், இப்போது பத்து வரியில் இரண்டாவது பெயர் வைக்கிறீர்கள்.

நெய்தல் | திங்கள், மதியம் 2.40

நான் பெயர் வைக்கவில்லை. ஆனால் பத்து நிமிடம் என்ற உங்கள் குத்தல் எங்கள் தொழிலுக்குச் சரியாகத்தான் பொருந்துகிறது. மகிழ்ச்சி நோயல்ல. தூக்கம் தேவைப்படாத, செலவுக்கு எல்லை தெரியாத, தடுத்தால் கை ஓங்குகிற ஒரு நிலை நாட்கணக்கில் நின்று, அந்த ஆளின் வழக்கமான குணத்துக்கே அது அந்நியமாக இருந்தால் அதைக் கவனிக்கிறோம். வீட்டுக்காரர்கள் "இவன் இப்படிப்பட்ட ஆளே இல்லையே" என்று சொல்லும் அந்த வாக்கியத்தைவிடப் பெரிய சோதனைக் கருவி எங்களிடம் இல்லை. வினாத்தாள்கள் இருக்கின்றன, ஆனால் அவை துணைக்குத்தான்.

நோயறிதல் ஏன் தவறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைபோலார் உள்ளவர்கள் நோயோடு இருக்கும் காலத்தில் பெரும்பகுதியைச் சோர்விலேயே கழிக்கிறார்கள். மருத்துவரைத் தேடி அவர்கள் வருவதும் சோர்வில் இருக்கும்போதுதான். "ஐயா, மிகவும் நன்றாக இருக்கிறேன், மருந்து கொடுங்கள்" என்று இதுவரை எவரும் என் அறைக்கு வந்ததில்லை. சோர்வில் இருப்பவருக்குத் தன் பழைய எழுச்சி நினைவுக்கு வராது. வந்தாலும் அதைத் தன் வாழ்வின் நல்ல காலம் என்றுதான் சொல்வார். ஆகவே நோயாளியை மட்டும் கேட்டு, நிகழ்காலத்தை மட்டும் கேட்டு எழுதிய மனச்சோர்வு என்ற முடிவு பாதி எழுதிய முடிவுதான். வந்திருப்பவர் யாருடன் வாழ்கிறாரோ அவரைத் தனியே உட்காரவைத்து, கடந்த பத்து ஆண்டுகளைப் பற்றிக் கேட்க வேண்டும். அதற்குத்தான் பத்து நிமிடம் போதவில்லை.

(நம் ஊருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனவற்றைப் பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை: எழுச்சியும் சோர்வும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்று 1854-இல் பாரிஸில் ஃபால்ரே, பையார்ஜே என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். யார் முதலில் சொன்னது என்று இருவருக்கும் சண்டை வேறு.)

ஆளாளுக்கு நோய்ப்பெயர் ஒட்டுகிறார்கள் என்ற கவலைக்கு ஒரு கணக்கு. 2015-16-இல் தமிழ்நாடும் இடம்பெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினரும் பைபோலார் உள்ளவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரும் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். நம் சிக்கல் பெயர் மிகுதியாக ஒட்டப்படுவதா, ஒட்டப்படாமலே போவதா என்று நீங்களே சொல்லுங்கள்.

முதுநகர் அக்கா | புதன், இரவு 8.50

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. திங்கள் காலையில் தம்பி வர மறுத்துவிட்டான். தனக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் பைத்தியம் என்றான். மாலையில் சித்தப்பா வந்து, படகு விஷயமாக ஒருவரைப் பார்க்கலாம் என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்றினார். அது சரியா என்று இன்னும் உறுத்துகிறது. மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்.

அங்கே ஓர் இளம் மருத்துவர் அம்மாவை மட்டும் தனியே அழைத்து முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கே தெரியாத கதைகள் அன்றைக்குத்தான் வெளியே வந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் திருமணமாகி நெய்வேலியில் இருந்தபோது, தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரி நடந்த சமயம், தம்பி பத்து நாள் தூங்காமல் நண்பர்களுக்கெல்லாம் சாப்பாடு வாங்கிக் கொடுத்துக் கொண்டு, தன்னைச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அது தானே அடங்கி, பிறகு இரண்டு மாதம் மந்தமாக இருந்திருக்கிறான். அடுத்தது எங்கள் பெரிய மாமா. நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு ஊர் ஊராகப் போனவர், பின்னால் கிணற்றில் கிடந்தார். குடியில் தவறி விழுந்தார் என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அவர் குடித்ததே இல்லை என்று அம்மா அந்த மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார்.

எஸிட்டாலோபிராமை நிறுத்திவிட்டு, எழுச்சியை அடக்க ஓலான்சபின் கொடுத்திருக்கிறார்கள். தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருந்ததால், மனநிலையை நிலையாக வைக்க லித்தியமும் தொடங்கியிருக்கிறார்கள். லித்தியம் விஷம் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் பயமுறுத்துகிறார்.

முத்தியால்பேட்டை | வியாழன், காலை 6.15

அம்மா, நான் லித்தியம் சாப்பிடத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். விஷம் என்று சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார். அது ஓர் உப்பு. 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மேனியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்காவில், சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை அளவில்லாமல் தூவிச் சாப்பிட்ட இதய நோயாளிகள் சிலர் இறந்துபோனார்கள். இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவே இருப்பது அளவு ஒன்றுதான்.

அந்த அளவை இரத்தத்தில் பார்ப்பார்கள். நோய் அடங்கிய பிறகு என் மருத்துவர் எனக்கு வைத்திருக்கும் வரம்பு, லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், 0.6-இலிருந்து 0.8 வரை. எழுச்சியின் உச்சத்தில் இருப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக வைப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து: வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பெரிதாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, கால் தள்ளாடுவது. அப்படி ஏதாவது தெரிந்தால் காத்திராமல் ஓட வேண்டும். இரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் பொய்க்கணக்கு வரும். நான் ஒருமுறை அப்படிப் போய், வந்த எண்ணைப் பார்த்து வீடே கலங்கிவிட்டது.

நம் ஊர் வெயில்தான் எனக்குப் பெரிய எதிரி. அக்கினி நட்சத்திரக் காலத்தில் வியர்த்து ஊற்றும்போது உடம்பில் நீரும் உப்பும் குறையும். குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே மே மாதத்தில் என் பையில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகள் இருக்கும். உப்பைத் திடீரென்று குறைப்பது, தண்ணீர்கூட இல்லாமல் விரதம் இருப்பது, இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எழுச்சியில் நான் எழுதிய கவிதைகளும் பேசிய பேச்சும் எனக்குப் பிடித்திருந்தன. அவற்றை இழந்த துக்கத்தில் இரண்டு முறை மாத்திரையை நானே நிறுத்தினேன். இரண்டாவது முறை வேலை போய், திருமணமும் முறியும் நிலைக்கு வந்தது. தம்பி சரியானதும் "எனக்கு இந்த மாத்திரை என்னத்தையோ எடுத்துக்கொள்கிறது" என்று சொல்வார். அவரைத் திட்டாதீர்கள். அது உண்மை.

மருந்துக்கடை மேசை | வியாழன், இரவு 10.30

திருப்பாதிரிப்புலியூரில் மருந்தாளுநராக இருக்கிறேன். லித்தியம் வாங்குபவர்களில் பலர் அதே கையோடு இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக்கோ இபுப்ரோஃபெனோ கேட்பார்கள். சீட்டில்லாமல் வாங்கிப் பழகியவர்கள். இந்த வலி மாத்திரைகள் இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படியே. வலிக்குப் பாராசிட்டமால் கேளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, லித்தியம் சாப்பிடுகிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.

வில்லியனூர் வாசகி | வெள்ளி, காலை 11.00

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் பைபோலார்தான். இரண்டு ஆண்டுகளாக வால்ப்ரோயேட் சாப்பிடுகிறேன். தை மாதம் திருமணம். மாப்பிள்ளை வீட்டுக்கு நோய் தெரியும், மாத்திரை தெரியாது. இந்த மாத்திரையோடு குழந்தை பெறலாமா என்பதைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

நெய்தல் | வெள்ளி, மாலை 6.20

வாசகி, யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. கருவுறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் தொடங்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது இது. கர்ப்பத்தில் இந்த மருந்துக்கு உள்ளாகும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில், முதுகுத்தண்டு மூடாமை போன்ற பெரிய பிறவிக் குறைபாடுகளோடு பிறக்கிறார்கள். முப்பதிலிருந்து நாற்பது பேர் வரை வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்தங்குகிறார்கள். கருவுற்றது தெரியவருவதற்குள் முதுகுத்தண்டு உருவாகும் காலம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது என்பதால் அதற்குப் பிறகு மாத்திரையை மாற்றி அந்தக் குறைபாட்டைத் தடுக்க முடியாது.

ஆனால் இதைப் படித்தவுடன் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். திருமணத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன, மாற்ற அது போதும். லாமோட்ரிஜினுக்கு மாறலாமா, குவெட்டியபினா, வேறொன்றா என்பதை உங்கள் பழைய எழுச்சிகளையும் சோர்வுகளையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். லாமோட்ரிஜின் சோர்வு திரும்புவதைத் தடுக்கவே அதிகம் உதவும், எழுச்சியைத் தடுப்பதில் அவ்வளவு வலுவில்லை. அதன் அளவை வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரக்கூடும். உடம்பில் தடிப்புத் தெரிந்தால் அன்றே காட்டுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் பைபோலார் உள்ள பெண்ணுக்கு மிக ஆபத்தான காலம். அந்தச் சமயத்தில் இரவில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதுகூடச் சிகிச்சைத் திட்டத்தில் சேர வேண்டும். மாப்பிள்ளையை அடுத்த முறை உங்களோடு அழைத்து வாருங்கள்.

பண்ருட்டிப் பலா | சனி, காலை 8.10

நான் எழுதியதை நானே மறுபடி படித்தேன். அந்த மாமாவின் கதை என்னைத் தூங்கவிடவில்லை. சந்தேகம் ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. சேர்த்துவிட்டால் கரண்ட் வைப்பார்கள், கட்டிப்போடுவார்கள் என்று எங்கள் பக்கம் பேச்சு. பையனைப் பொய் சொல்லிக் கூட்டிப்போனது சட்டப்படி செல்லுமா?

களப்பணி (மனநலச் சமூகப் பணியாளர்) | சனி, மாலை 5.45

ஐயா, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான் தவறு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95, எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின் அதிர்வு சிகிச்சை கொடுப்பதையும் அதே பிரிவு தடைசெய்கிறது. முறையாகக் கொடுக்கப்படும் அந்தச் சிகிச்சை, சாப்பாடு தண்ணீர் இறங்காத அளவுக்கு முற்றிய மனச்சோர்வில் உயிரைக் காப்பாற்றியதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் கொடுப்பதில்லை.

ஒப்புக்கொள்ளும் திறன் இழந்த நிலையில் இருப்பவரை, அவருடைய நியமனப் பிரதிநிதி (அவருக்காக முடிவெடுக்க உதவ நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பித்து, மருத்துவத் துறையினர் இருவர் தனித்தனியே பரிசோதித்துச் சொன்னால், பிரிவு 89-இன் கீழ் முதலில் 30 நாள் வரை சேர்க்கலாம். பொய் சொல்லி ஏற்றியதைச் சட்டம் கண்டுகொள்ளாமல் போகலாம். ஆனால் தம்பி தெளிந்ததும் சித்தப்பாவே போய் அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் அடுத்த முறை வண்டியில் ஏற மாட்டார். அடுத்த முறை என்ன செய்ய வேண்டும், யார் பிரதிநிதி, எந்த மருந்து வேண்டாம் என்பதை அவர் நலமாக இருக்கும்போதே முன்கூட்டிய அறிவுறுத்தலாக எழுதிப் பதிவு செய்ய அதே சட்டத்தில் பிரிவு 5 இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இன்னும் இரண்டு. இரவு ஷிப்ட் இந்த நோய்க்கு ஆகாது; பகல் வேலை மட்டும் தரும்படி மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டது. 2015 வெள்ளத்தில் எங்களிடம் வந்தவர்கள் பலருக்குத் தண்ணீர் வடிவதற்குள் மாத்திரை தீர்ந்துவிட்டது. ஒரு மாத மாத்திரையும் சீட்டின் நகலும் பிளாஸ்டிக் உறையில், உயரமான இடத்தில் இருக்கட்டும்.

முதுநகர் அக்கா | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

தம்பி வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. ஏழு மணி நேரம் தூங்குகிறான், கை இலேசாக நடுங்குகிறது, தண்ணீர் நிறையக் குடிக்கிறான். சித்தப்பா வந்து உண்மையைச் சொன்னார். தம்பி பதில் சொல்லாமல் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படகுக்காரர் பணம் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்டான். பாதி கொடுத்திருக்கிறார்.

நாளை காலை லித்தியம் அளவு பார்க்க இரத்தம் எடுக்க வேண்டும். இன்று மாத்திரை கொடுத்தபோது மணி எட்டரை. அம்மா அதை நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, காலை எட்டரைக்கு முன்னால் அவன் கையில் யாரையும் ஊசி குத்த விடக் கூடாது என்று என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். மாமாவின் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டியிருக்கிறார்.